முட்டுச்சந்தும் நாற்சந்தியும்

தாமிரவருணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் மார்க்கத்தில், ஆழ்வார்திருநகரி இருக்கிறது. திருக்குருகூர் என்பது அதன் பழைய பெயர். நம்மாழ்வார் அவதரித்த ஸ்தலம். ஆதிநாதர் ஆலயத்தையும், அதனுள் இருக்கும் உறங்காப்புளியையும் சேவித்துவிட்டுத் திரும்பும் யாத்திரிகர்கள், அந்த ஊரில் உள்ள மற்றோர் அரிய பொருளைக் கவனிக்காமலே ரயிலேறி விடுகிறார்கள். அது வேறொன்றும் இல்லை, ஊரின் வீதிதான்.

கோயிலைச் சுற்றி மாட வீதிகள். ஒரு வீதியின் முடிவில் அடுத்த வீதி ஆரம்பிக்கிறது. அது முடியும் இடத்தில் மற்றொன்று. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். வைகாசி மாதத்துக் கருட சேவையை நினைத்துப் பார்த்தால் அதிசயம் விளங்கும். நவதிருப்பதிப் பெருமாள்களும் அன்று ஒன்பது கருட வாகனங்களில் இங்கே சேவை சாதிக்கிறார்கள். ஆற்றின் வடகரையிலிருந்தும் தென்கரையிலிருந்தும் திரளும் ஜனங்களையெல்லாம் இந்தச் சிறிய ஊரின் வீதிகள் தாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்வாமி புறப்பாடு என்றால், சந்நிதியிலிருந்து கிளம்பி, வீதிகளை வலம் வந்து, ஆஸ்தானத்துக்குத் திரும்புவதாகும். போன வழியே திரும்பி வருவது பிரதக்ஷிணம் ஆகாது. தேரோட்டமோ இன்னும் கண்டிப்பானது. தேரை முன்னே இழுக்கலாம். மூலையில் சறுக்குக்கட்டை போட்டுத் திருப்பலாம். முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பின்னால் இழுக்க முடியுமா?

ஆகவே, தமிழ் நாட்டில் எந்த ஊரில் தேர் ஓடியதோ, அந்த ஊரில் குறைந்தது நான்கு வீதிகளாவது ஒன்றோடொன்று சேர்ந்தே தீர வேண்டியிருந்தது. நகர நிர்மாண சாஸ்திரம் என்ற பெயரை அறியாத காலத்திலேயே, தேரின் சக்கரம் நமக்கு அந்த சாஸ்திரத்தின் முதல் பாடத்தைக் கற்பித்துவிட்டது. ஒரு வீதிக்கு உயிர் எங்கே இருக்கிறதென்றால், அது மற்றொரு வீதியோடு சேரும் இடத்தில்தான் என்பதே அந்தப் பாடம்.

அந்தப் பாடத்தை நாம் இப்போது மறந்து வருகிறோம். ஊர்கள் பெரிதாகின்றன, வீதிகளும் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன, ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இந்த வாரம் இதைப் பற்றித்தான் எழுத உத்தேசம்.

மரமும் வலையும்

வீதிகள் சேரும் விதம் இரண்டு. ஒன்று மரத்தைப் போன்றது; மற்றொன்று வலையைப் போன்றது.

மரம் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. தாமிரவருணியின் பாசனத்தைப் பார்த்தாலே போதும். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. அதிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன, அவற்றிலிருந்து கிளைக் கால்கள், கிளைக் காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். தண்ணீருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. ஏனென்றால் தண்ணீர் ஒரு திசையிலேயே போகிறது. மடைக்குள் புகுந்த தண்ணீர், பக்கத்து வயலில் இருக்கும் சிநேகிதரைப் பார்த்துவிட்டு வேறு வழியாக வீடு திரும்ப வேண்டுமென்று ஆசைப்படுவதில்லை.

மனிதன் அப்படி அல்ல. காலையில் பள்ளிக்கூடம், பத்து மணிக்குக் கடைத்தெரு, மாலையில் கோயில், நடுவில் வைத்தியர் வீடு என்று பல திக்குகளுக்கும் போய்ப் பல திக்குகளிலிருந்தும் திரும்ப வேண்டியவன். அவனுக்கு வேண்டியது வலை. மீன் வலையில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழைகள் தாங்கிக்கொள்கின்றன. மரத்தில் ஒரு கிளை முறிந்தால், அந்தக் கிளையில் உள்ள கொம்பு, தழை, பூ, பிஞ்சு எல்லாம் சேர்ந்து விழுகின்றன.

வலையாக அமைந்த பேட்டையில், எதிர்ச் சாரி வீட்டுக்குப் போக நூறு அடி நடந்தால் போதும். மரமாக அமைந்த பேட்டையிலோ, கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் இருக்கும் வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை நம் சமையலறைக்கு வருகிறது. ஆனால் அந்த வீட்டு அம்மாளிடம் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை வாங்க வேண்டுமானால், சந்தின் முனைக்கு வந்து, பெரிய ரஸ்தாவில் ஏறி, அடுத்த சந்தைக் கண்டுபிடித்து, அதன் கோடி வரையில் போக வேண்டும். வாசனை நேரே வருகிறது. மனிதர் சுற்றி வருகிறார். இந்தச் சுற்றலுக்காகத்தான் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தேவையாகிறது. அப்புறம் எல்லா வீட்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரே பெரிய ரஸ்தாவில் வந்து கூடுகின்றன. ரஸ்தாவில் நெரிசல் என்று நாம் புகார் செய்கிறோம். ரஸ்தாவை அகலப்படுத்த வேண்டுமென்கிறோம். நோய் சந்தில் இருக்கிறது. மருந்து ரஸ்தாவுக்குக் கொடுக்கப்படுகிறது.

வயல் மனையாகும் விதம்

வேண்டுமென்று யாரும் முட்டுச்சந்து வெட்டுவதில்லை. அது எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம்.

ஊருக்கு வெளியே ஒருவருக்கு நீளவாக்கில் ஒரு வயல் இருக்கிறது. விவசாயத்தில் பலன் இல்லை. அவர் அதை விற்கிறார். வாங்கியவர் நடுவில் ஒரு பாதை விட்டு, இரு பக்கமும் மனைகளாகப் பிரிக்கிறார். பாதை பெரிய ரஸ்தாவில் ஆரம்பித்து அடுத்த வயலின் வரப்பில் முடிகிறது. சில வருஷங்கள் சென்று அடுத்த வயலும் விலைக்கு வருகிறது. அதை வாங்கியவரும் தம் பக்கத்து ரஸ்தாவிலிருந்து ஒரு பாதை விட்டு, முந்திய மனைகளின் சுவர் வரையில் கொண்டு வந்து நிறுத்துகிறார். இரண்டு பாதைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான். நடுவே ஒரு வாய்க்கால் ஓடினால் பேச்சே இல்லை. சிறு பாலம் போடும் செலவு யாருடையது என்று தீராது. சில இடங்களில் மனை போட்டவர், பாதையின் கோடியில் ஓரடி அகலத்துக்கு நிலத்தைத் தம் பெயரிலேயே நிறுத்திக்கொள்வதும் உண்டு. அடுத்த நிலத்துக்காரர் பாதையைச் சேர்க்க வேண்டுமானால், அந்த ஓரடிக்கு அவர் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும்!

இவ்விதம் தனித்தனியே பார்த்தால் யாரும் தவறு செய்யவில்லை. அவரவர் நிலத்தில் அவரவர் பாதை விட்டார்கள். ஆனால் இருபது வயல்கள் இருபது முட்டுச்சந்துகள் ஆன பிறகு, ஊர் என்ற ஒன்று அங்கே உண்டாகவில்லை. வரப்பு இருந்த இடத்தில் சுவர் வந்துவிட்டது, அவ்வளவுதான். வரப்பின் மேலாவது நடந்து போக முடிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1920-ம் வருஷத்திலேயே நகர நிர்மாணச் சட்டம் பிறந்தது. இப்போது அமலில் இருப்பது 1971-ம் வருஷத்துச் சட்டம். ஒரு பகுதியின் வீதிகளை முன்கூட்டியே வரைந்து வைப்பதற்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் திட்டம் வரைவதற்கு முன்னால் மனை விற்றுப் போகிறது. அனுமதி பெறாத மனைகள் பெருகிய வேகத்தைப் பார்த்து, 2016-ம் வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று உத்தரவு போட வேண்டி வந்தது. மறு வருஷம், ஏற்கெனவே விற்றுப்போன மனைகளை வரன்முறைப்படுத்த சர்க்கார் விதிகள் செய்தார்கள். வாங்கிவிட்ட ஏழை எளியவர்களை வேறு என்ன செய்வது? பத்திரம் சரியாயிற்று. முட்டுச்சந்து முட்டுச்சந்தாகவே நின்றது.

உலகம் போகும் போக்கு

இது நம்முடைய ஊருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1811-ம் வருஷத்தில் நியூயார்க் நகருக்கு வீதி வரைந்தவர்கள், சதுரங்கப் பலகையைப் போல் கோடு போட்டார்கள். ஸ்பெயின் தேசத்தில் ஸெர்தா என்ற பொறியாளர், 1859-ல் பார்சிலோனாவின் விஸ்தரிப்புக்கு அதே மாதிரிதான் திட்டம் வரைந்து, நாற்சந்திகளில் வீட்டு மூலைகளைச் சாய்வாக வெட்டி விசாலப்படுத்தினார். ஆனால் மோட்டார் வண்டி வந்த பிற்பாடு, 1929-ம் வருஷத்து வாக்கில் நியூஜெர்ஸியில் ராட்பர்ன் என்ற புதிய குடியிருப்பு எழுந்தது. குழந்தைகளுக்கு வண்டியால் ஆபத்து வராமல் இருக்க, வீடுகளை முட்டுச்சந்துகளைச் சுற்றி அமைத்தார்கள். அதே சமயத்தில், நடந்து செல்வோருக்கென்று தனிப் பாதைகளும் வெட்டி எல்லாவற்றையும் இணைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டார்கள், நடைபாதையை விட்டுவிட்டார்கள்!

பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உலகத்து வீதிகளையெல்லாம் தேசப்படத்தில் வைத்துக் கணக்கிட்டு, 2020-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சந்தியில் எத்தனை வீதிகள் சேருகின்றன, எத்தனை வீதிகள் மொட்டையாக நின்று விடுகின்றன, நேர்க்கோட்டில் பக்கமாக உள்ள இடத்துக்கு வீதி வழியாக எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்றெல்லாம் எண்ணினார்கள். 1975-ம் வருஷத்திலிருந்து பூமியின் பல பாகங்களில் புதிதாக ஏற்பட்ட வீதிகள் வரவரத் தொடர்பு குறைந்தவையாகவே அமைந்து வருகின்றன என்பது அவர்கள் கண்டது. அதே இருவரும் 2015-ல் அமெரிக்காவைப் பற்றி மட்டும் எழுதிய ஆராய்ச்சியில் ஓர் ஆறுதலான விஷயமும் இருக்கிறது. அந்த தேசத்தில் இந்தப் போக்கு 1994-ம் வருஷத்து வாக்கில் உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கத் தொடங்கியதாம். முட்டுச்சந்தை வளர்த்தவர்களே அதை விட்டு விலக ஆரம்பித்த பிற்பாடு, நாம் அதைப் பற்றிக்கொள்வானேன்?

அந்த ஆராய்ச்சி வற்புறுத்தும் விஷயம் இன்னொன்று. வீடு இடிந்தால் வேறு வீடு கட்டலாம்; வீதி ஒரு தடவை அமைந்துவிட்டால் தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. இதற்கு நமக்கு மதுரையே சாட்சி. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரால் விளங்கும் வீதிகள், கோயிலைச் சுற்றித் தாமரை இதழ்களைப் போல் அமைந்திருக்கின்றன. நாயக்கர்கள் போனார்கள், கம்பெனியார் வந்து போனார்கள், வீதிகள் இருக்கின்றன. 1840-ஐ ஒட்டிய வருஷங்களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். ஊர் வெளியே வளர வேண்டியிருந்தது. பழைய அகழியின் தடத்தில் வெளி வீதிகள் உண்டாயின. மதில் வீதியாக மாறியதால், உள்ளே இருந்த ஊரும் வெளியே வளர்ந்த ஊரும் சேர்ந்தன. ஊர் வளருவதற்குச் சரியான வழி இதுவே.

திருநெல்வேலிக்கும் அத்தகைய பாக்கியம் கிட்டியது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளோடு ஒரு பட்டணம் ஆற்றுக்கு மேற்கே. கோட்டையோடு பாளையங்கோட்டை ஆற்றுக்குக் கிழக்கே. நடுவில் தாமிரவருணி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்ததாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, 1843-ம் வருஷத்தில் ஆற்றின் மேல் பாலம் அமையச் செய்தார். அதன் பின் இரண்டு ஊர்களும் ஒன்றை நோக்கி ஒன்று வளர்ந்தன. 1994-ம் வருஷத்தில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவை சேர்ந்து ஒரே மாநகராட்சியாயின. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாலம் செய்து வந்த வேலையைச் சர்க்கார் காகிதத்தில் எழுதியது என்றே சொல்ல வேண்டும்.

மதிலின் மயக்கம்

"முட்டுச்சந்தில் அமைதி இருக்கிறதே! அந்நியர் வர மாட்டார்கள்; குழந்தைகள் பயமின்றி விளையாடலாம்" என்று சில நேயர்கள் சொல்லக்கூடும். இந்த ஆசையைத் தெரிந்துகொண்டுதான், பட்டணங்களில் மதிலும் ஒற்றை வாசலும் காவற்காரனும் வைத்த குடியிருப்புகளை விற்கிறார்கள்.

மதிலைப் பற்றிப் பேசுவதற்குத் தாமிரவருணிக் கரையாருக்கு விசேஷமான உரிமை உண்டு. ஆழ்வார்திருநகரிக்குச் சமீபத்தில், ஸ்ரீவைகுண்டத்தில், கோட்டைப் பிள்ளைமார் என்னும் சமூகத்தார் மண் மதில் சூழ்ந்த ஒரு கோட்டைக்குள் பல தலைமுறைகள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்மணிகள் கோட்டையை விட்டு வெளியே வருவதில்லை. வெளியிலுள்ள ஆடவர் உள்ளே போவதில்லை. மானிடவியல் அறிஞர் கமலா கணேஷ் 1993-ல் வெளியிட்ட நூல் அந்த வாழ்க்கையை விரிவாக ஆராய்கிறது. கோட்டைக்குள் அமைதி இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். இருபதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே அந்தக் கட்டுப்பாடு கலைந்து, கோட்டைக்காரர்கள் வெளியுலகில் கலந்தார்கள். அவர்கள் விட்டு வந்த மதிலை, நாம் தவணை முறையில் பணம் கட்டி வாங்குவது வேடிக்கையல்லவா?

ஆனால் நியாயமாகப் பேச வேண்டுமானால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வீதிகள் சேர்ந்திருந்தால் மட்டும் போதாது. அவற்றில் எல்லோரும் நடக்க வேண்டும். நம்முடைய அழகிய கோயில் வீதிகள் பலவற்றில் ஒரு காலத்தில் எல்லா ஜாதியாரும் நடக்க முடியவில்லை. 1924-ல் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தது கோயிலுக்குள் போவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடப்பதற்காக. ஈ. வெ. ராமசாமி அதற்காகச் சிறை சென்றார். மறு வருஷம் மகாத்மா காந்தி நேரில் சென்று பேசினார். பொது வீதி என்ற இரண்டு சொற்களுக்காக அவ்வளவு பேர் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த வீதியை, மனை வியாபாரத்தின் பெயரால் மறுபடியும் வாசல் போட்டு மூடுவது தேசத்துக்கு அழகன்று.

அமைதி வேண்டுமென்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. வண்டிகள் நுழையாதபடி சந்தின் கோடியில் இரண்டு கல் நட்டுவிட்டு, மனிதரும் சைக்கிளும் போகும்படி ஒரு பாதை விட்டால் போதும். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இம்மாதிரிப் பாதைகளால் சந்துகளை இணைத்து வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு முட்டுச்சந்து, குழந்தைக்கு வலை. இதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

வெள்ளம் கேட்ட கேள்வி

வீதி சேருவதும் சேராததும் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமே என்று நினைத்தால், 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி ஜில்லாவில் வருஷம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் அது அதிகம். தாமிரவருணி கரை புரண்டது. ரயில் பாதையின் கீழிருந்த மண் அரித்துப் போய்த் தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோய், சுமார் 800 பிரயாணிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஏரல் பாலம் சேதமுற்றது. ஒரே வழியை நம்பியிருந்த கிராமங்கள் தீவுகளாயின. சோற்றுப் பொட்டலம் ஆகாயத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட மழையை வீதிகளால் தடுக்க முடியாது. ஆனால் ஒரு வழி அடைபட்டால் மறு வழி இருக்கிறதா என்பது மனிதர் முன்கூட்டியே தீர்மானிக்கக்கூடிய காரியம். வெள்ளத்துக்குச் சொன்னது தீக்கும் பொருந்தும். பிரசவ வேதனைக்கும் பொருந்தும். முட்டுச்சந்தின் வாயில் ஒரு லாரி பழுதாகி நின்றால், உள்ளே இருக்கும் அவ்வளவு வீடுகளுக்கும் தீயணைக்கும் வண்டியும் வராது. ஆஸ்பத்திரி வண்டியும் வராது. மரத்துக்கும் வலைக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

செய்ய வேண்டியது

1914-ல் சென்னைக்கு வந்து நம்முடைய ஊர்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காத்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ், பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகலமான ரஸ்தா போடுவதை ஆட்சேபித்தார். அங்கங்கே சிறிது திறந்து, சிறிது சேர்த்து, நோயைப் போக்கினால் போதும் என்பது அவருடைய வைத்தியம். முட்டுச்சந்துக்கும் அதே வைத்தியம் போதும். ஊர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. எந்த இடத்தில் ஒரு சுவரைத் திறந்தால், அல்லது ஒரு வாய்க்காலின் மேல் சிறு பாலம் போட்டால், இரண்டு பேட்டைகள் சேரும் என்று ஒவ்வொரு பேரூராட்சியும் நகராட்சியும் ஒரு ஜாபிதா தயாரிக்கலாம்.

இனி வரும் மனைகளுக்கு, வயல் விற்கப்படும் முன்பே வீதி வரைய வேண்டும். குஜராத்தில் வெகு காலமாக ஒரு முறை அனுஷ்டானத்தில் இருக்கிறது. ஒரு பகுதியின் நிலச் சொந்தக்காரர்கள் எல்லோருடைய நிலங்களையும் ஒன்றாகச் சேர்த்து, வீதிக்கும் பொது இடத்துக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள். நிலம் சிறிது குறைகிறது, மதிப்போ உயர்கிறது. கூடித் தேர் இழுத்த நாட்டுக்குக் கூடி வீதி விடுவது பிரமாதமான காரியமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆயுள் பூராவும் சேர்த்த பணத்தைக் கொண்டு மனை வாங்கப் போகிறவர்கள், கிணற்று நீர் உப்பா, வாசல் எந்தத் திசை, பத்திரம் சுத்தமா என்று கேட்கத் தவறுவதில்லை. அவற்றோடு, "இந்த வீதி எங்கே போய்ச் சேருகிறது?" என்றும் கேளுங்கள். அடுத்த நிலத்தில் மனை போடும்போது வீதி தொடருமா, கோடியில் சுவர் வருமா என்று வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு விசாரியுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால், விற்கிறவர்கள் வீதியைச் சேர்க்க ஆரம்பிப்பார்கள்.